ராத்திரி இரண்டரை மணிக்கு என் ஜன்னலடியில் ஓடும் இன்ஜின்

நேற்று ராத்திரியும் தூங்கவில்லை. மணி 2:35. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து நாலடி தள்ளி, மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய ஒரு வாடகைக் கார். கண்ணாடி ஏற்றியிருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது, உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒருவர் தூங்குகிறார். ஏ.சி. கம்ப்ரஸர் நின்று நின்று எடுக்கும்போதெல்லாம் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. விடாமல் ஓடும் சத்தம் என்றால்கூடக் காது பழகிவிடும். இது அடங்கும், அப்பாடா என்று கண்ணை மூடுவோம், மறுபடி 'டொக்' என்று எடுக்கும். விடியும் வரை இதே கதை.

சென்னை துரைப்பாக்கத்தில், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. எதிரெதிராக இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும், அவ்வளவுதான் அகலம். நடந்து போகும் தூரத்தில் ஒரு பெரிய ஐ.டி. வளாகம். அங்கே ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி கேப்கள், ஒரு டிராப்புக்கும் அடுத்த பிக்கப்புக்கும் நடுவில் கிடக்கும் நேரத்தை எங்கள் தெருவில்தான் கழிக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை. போன செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் நின்று எண்ணினேன். பதினோரு கார், இரண்டு வேன். அதில் ஏழு வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு 74 வயது. இளைப்பு இருக்கிறது. மாடி ஏற முடியாது என்பதால்தான் தரைத்தளத்தில் அவருக்குப் படுக்கை போட்டோம். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். போன மாதம் ஒரு ராத்திரி மட்டும் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து இன்ஹேலர் அடித்துக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அந்தப் பையனும் தூங்கட்டும்மா, விடு" என்றார். எனக்கு விட முடியவில்லை.

காலையில் வேறு கூத்து. வாசல் தெளித்துக் கோலம் போட ஐந்தரைக்கு வெளியே வந்தால், கோலம் போடும் இடத்தில் டயர் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போட்டால், வண்டிக்கு அடியிலிருந்து சொட்டும் ஏ.சி. தண்ணீர் ஓடிவந்து பாதிக் கோலத்தை அழித்துவிடும். சின்ன விஷயம்தானே என்பார்கள். என் வாசலில் நான் கோலம் போட முடியாதது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

தண்ணீர் லாரி விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எங்கள் தெருவே கொதித்துப்போன விஷயம். ஓ.எம்.ஆரில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, லாரியில்தான் வாங்கவேண்டும். புக் செய்தால் வர இரண்டு நாளும் ஆகும், கோடையில் நாலு நாளும் ஆகும். லாரிக்காரர் விடியற்காலை நாலரைக்கு, ஓ.எம்.ஆரில் நெரிசல் தொடங்குமுன் வந்துவிட்டுப் போகப் பார்ப்பார். அந்த நேரத்தில்தான் எங்கள் தெரு இரண்டு பக்கமும் வண்டியாக நிற்கும். 12,000 லிட்டர் லாரி உள்ளே நுழைய முடியாது. மே மாதம் ஒரு நாள், எங்கள் பக்கத்து அடுக்குமாடிக்கு வந்த லாரி தெருமுனையில் இருபது நிமிடம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த புக்கிங்குக்குப் போய்விட்டது. எட்டு வீடு. கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்று. அன்று மாலை வரை கேன் தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

அன்று மதியம்தான் தெருவில் ஒருவர் இரண்டு வண்டிக்குக் காற்றைப் பிடுங்கிவிட்டார். நாலு பேர் கைதட்டினார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான் வந்தது. காற்று போன வண்டிக்காரர் அன்றைக்குப் பிக்கப் தவறினால் அந்த ட்ரிப்புக் காசு அவருக்குக் கிடைக்காமல் போகும். லாரி திரும்பிப் போனதற்குக் காரணமானவர்களுக்கு அதனால் ஒரு பைசா நஷ்டம் உண்டா?

தப்பு டிரைவர்கள் மேல் இல்லை என்பது எனக்கே முதலில் தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன். டிரைவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பொறுக்கமுடியாமல் கீழே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். எழவில்லை. மறுபடி தட்டினேன். அசையவில்லை. மூடிய கண்ணாடி, ஓடும் இன்ஜின். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நின்ற காரில் ஏ.சி. போட்டுத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருக்கிறோம். சண்டை போட வந்த எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஓங்கி அடித்த பிறகுதான் பதறி எழுந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"ஏன் தம்பி, இன்ஜினை அணைச்சிட்டுத் தூங்கக்கூடாதா?" என்றேன்.

"அணைச்சா பத்து நிமிஷம் தாங்காதுக்கா. கண்ணாடிய இறக்குனா கொசு. ரெண்டு மணிக்கு டிராப் முடிஞ்சுது, அஞ்சேகாலுக்கு பிக்கப். நான் தூங்காம ஓட்டி எங்கயாவது விட்டேன்னா உள்ள நாலு பேர் இருப்பாங்கக்கா."

"வீட்டுக்குப் போயிட்டு வரலாமே?"

"வீடு ஊருக்கு அந்தக் கோடியில, ரெட்ஹில்ஸ். போய் வர சி.என்.ஜி. கேஸுக்கு யாருக்கா காசு குடுப்பா? ட்ரிப்புக்குத்தான் காசு. நிக்கிறதுக்கு இல்ல."

நிற்கிறதுக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் என் கோபம் திரும்பியது. மூன்று மணி நேரம் அந்த ஆளும் வண்டியும் கம்பெனியின் வேலைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஐந்தேகாலுக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் ட்ரிப்புக் காசில் பிடித்தம். ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை, இடம் இல்லை, மூத்திரம் போகக் கழிப்பறை இல்லை. எங்கள் கோடி வீட்டுச் சுவர் ஏன் நாறுகிறது என்று இத்தனை நாள் அவர்களைத்தானே ஏசினோம்? ராத்திரி முழுக்கத் தெருவில் கிடக்கும் ஒரு மனிதர் எங்கே போவார்?

அந்தக் காத்திருப்புக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏ.சி. போட்டு நிற்கும் கார், பெட்ரோல் வண்டியென்றால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடக் குடிக்கும். அது டிரைவர் பையிலிருந்து. தூக்கம் என் பையிலிருந்து. மூச்சு என் அப்பாவின் பையிலிருந்து. தண்ணீர் அந்த எட்டு வீட்டின் பையிலிருந்து. வண்டி யாருக்காக நிற்கிறதோ அவர்கள் பையிலிருந்து மட்டும் எதுவும் போகவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் அந்த வளாகத்துக்குப் போனோம். வரவேற்பில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். போக்குவரத்துப் பிரிவிலிருந்து வந்தவர் சிரித்த முகமாகச் சொன்னார்: "கேட்டுக்கு வெளியே நிற்கிற வண்டிக்கு நாங்கள் பொறுப்பு இல்லை மேடம், வெண்டரிடம் பேசுங்கள்." வெண்டரை, அதாவது கம்பெனிக்கு வண்டி அனுப்பும் ஒப்பந்தக்காரரைப் பிடித்தால், "வண்டி டிரைவரோட சொந்த வண்டிங்க, அவர் எங்க நிறுத்துறாருன்னு நாங்க எப்படிச் சொல்றது?" ஆனால் அந்த வண்டி எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் இவர்கள்தான். தாமதத்துக்குப் பிடித்தம் போடும்போது வண்டி இருக்கும் இடம் தெரிகிறது. என் வாசலில் நிற்கும்போது மட்டும் தெரியாமல் போகிறதா?

புகார் எண்ணுக்கும் கூப்பிட்டுப் பார்த்தோம். ரோந்து வண்டி வந்தது, எல்லாரும் அடுத்த தெருவுக்குப் போனார்கள், அரை மணியில் திரும்பினார்கள். அடுத்த தெருக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சட்டம் இருக்கிறதா என்று தேடியதில் இன்னும் எரிச்சல்தான் மிஞ்சியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126. பொது இடத்தில் வண்டி நின்றால் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்கவேண்டும் என்கிறது. ஆளில்லாத வண்டி உருண்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. ஆள் உட்கார்ந்திருந்தால் விடிய விடிய இன்ஜின் ஓடுவதைப் பற்றி அந்தப் பிரிவு வாயைத் திறக்கவில்லை. ஹாங்காங்கில் 2011 டிசம்பரிலிருந்து, ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்ற வண்டியில் இன்ஜின் ஓடினால் 320 ஹாங்காங் டாலர் அபராதம். நம் ஊரில் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. எங்கள் தெருவில் அதை அளக்க இதுவரை ஒருவர் வந்ததில்லை.

அபராதம் போட்டால் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவரவில்லை. அதையும் அந்தத் தம்பிதான் கட்டுவார்.

"ஐ.டி. வந்ததால்தானே உங்கள் இடத்துக்கு விலை வந்தது, வாடகை வாங்கும்போது இனித்ததா?" என்று கேட்கிறார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் அந்த வளாகத்தில்தான் வேலை பார்க்கிறாள். மூன்று மணிக்கு இதே போன்ற கேப் ஒன்றில்தான் வாசல் வரை வந்து பத்திரமாக இறங்குகிறாள். இரவு ஷிப்டில் பெண்களை வைத்து வேலை வாங்கினால் வண்டி கொடுத்தாகவேண்டும் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு. கேப் வேண்டாம் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்லவில்லை. அவளை இறக்கிவிட்ட பிறகு அந்த வண்டியும் அந்த ஆளும் எங்கே போகவேண்டும் என்று அவளுடைய கம்பெனிதான் யோசிக்கவேண்டும்.

"பொதுச் சாலைதானே, யார் வேண்டுமானாலும் நிறுத்தலாமே" என்பது அடுத்தது. கேட்டை மறித்து நிறுத்தக்கூடாது என்பதும் அதே பொதுச் சாலையின் விதிதான். அதைவிட, ஒரு விருந்தாளியின் கார் இரண்டு மணி நேரம் நிற்பதும் ஒரு நிறுவனத்தின் வண்டிக் கூட்டம் வருடம் 365 நாளும் எங்கள் தெருவைத் தன் ஷெட்டாக வைத்துக்கொள்வதும் ஒன்றா? முன்பு இந்த வண்டிகளில் பாதி ஓ.எம்.ஆர். சர்வீஸ் சாலையிலேயே நிற்கும். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு மெட்ரோ வேலை தொடங்கித் தடுப்பு வைத்ததும் அந்த இடமும் போனது. மெட்ரோ வேலை நடக்கும், சாலை குறுகும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். வண்டிகள் எங்கே போகும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

இடமே இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்த வளாகத்தின் முன்பக்கம் விருந்தினர் கார் நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. குழல்விளக்கு முழுக்க எரிகிறது, ஒரு செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வண்டி இல்லை. கேட்டைத் திறந்து விட என்ன செலவு? பக்கத்தில் ஓர் அறை, மின்விசிறி, கொசுவலை அடித்த ஜன்னல், நாலு கட்டில், ஒரு கழிப்பறை. தூங்க இடம் இருந்தால் எந்த டிரைவர் தன் காசில் இன்ஜினை ஓடவிடுவார்? அடித்தளப் பார்க்கிங்கில் விடுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே இன்ஜின் போட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. கடையில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏ.சி. ஓய்வறை திறந்தது. ஒரு வேலைக்காரர் வேலைக்கு நடுவே இருக்கும் இடத்தைப் பற்றியும் யோசிக்கவேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. கோடிக்கணக்கில் கட்டடம் கட்டியவர்களுக்கு ஓர் அறை பெரிய விஷயமா?

தெருவில் 43 வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். காற்றைப் பிடுங்கினவரும் போட்டிருக்கிறார். காத்திருப்பு நேரத்துக்குக் கூலி தரவேண்டும் என்ற வரியை மனுவில் சேர்த்தபோது, "அது நம்ம பிரச்சனை இல்லையே" என்று இரண்டு பேர் தயங்கினார்கள். அது இல்லாமல் மனுவைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி போகிறோம். அன்று காலை டிராப் முடித்துவிட்டால் தானும் வருவதாக அந்த ரெட்ஹில்ஸ் தம்பி சொல்லியிருக்கிறார். வெண்டருக்குத் தெரிந்தால் அவருக்கு ட்ரிப் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்களே என்று நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.