கரண்டுக்கு ஒரு குடோன்

ஆடி பிறந்தால் எங்கள் தறிக்கூடத்துத் தகரம் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று அது. கேத்தனூர், பூலவாடி, குடிமங்கலம் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் காற்றாலைகள் ஒன்றுபோலச் சுற்றிக்கொண்டிருக்கும். போன வாரம் வீட்டில் ஒரு விசேஷம். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மச்சானுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. மச்சான் மாடியில் சோலார் போட்டவன். "இனிமே கரியெல்லாம் எதுக்குங்க, அதான் வெயிலும் காத்தும் சும்மா கெடைக்குதே" என்றான். பெரியப்பா விடவில்லை. "ஆறு மணிக்குச் சூரியன் வூட்டுக்குப் போயிரும். அப்புறம் எதை வெச்சுடா தறி ஓட்டுவே?"

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கோட்டை விட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கரிக் கணக்கு. அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். எங்களிடம் பன்னிரண்டு தறி, தறிக்கு ஒரு ஹெச்பி மோட்டார். எல்லாம் ஓடினால் மணிக்கு ஒன்பது யூனிட். பத்து மணி நேரம் ஓடினால் அறுபது கிலோவுக்கு மேல் கரி, இருபது கிலோவுக்கு மேல் சாம்பல். அதாவது தினமும் என் தறிக்கூட வாசலில் ஒரு மூட்டைக் கரியை இறக்கிவிட்டு, அரை மூட்டைச் சாம்பலை அள்ளிப் போகிற மாதிரி. வாசலில் இறக்காததால் நமக்கு உறைப்பதில்லை. ஒடிசாவில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் மேட்டூர் வரைக்கும் கொண்டுவந்து எரிக்கிறார்கள். சாம்பலில் ஒரு பங்கு கல்லாகிறது. என் தறிக்கூடச் சுவரே சாம்பல் கல்தான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. கல்லாகாத பங்கு எங்கே போகும் என்பதை, அனல் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்களிடம் கேட்க வேண்டும். புகையோடு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு போகிறதே, அதற்கு எந்தப் பில்லிலும் கட்டம் கிடையாது.

விலையிலும் கரி இப்போது ஜெயிக்கவில்லை. 2017-இலேயே ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரத்தை யூனிட் 2 ரூபாய் 44 காசுக்குத் தருவதாக ஏலம் எடுத்தார்கள். புதிதாகக் கட்டும் அனல் நிலையங்களுக்கான ஏலமோ இன்றைக்கு ஐந்து ரூபாயைத் தாண்டிப் போகிறது. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம், மச்சான் பக்கம்தான் தீர்ப்பு.

சரி, அப்படியானால் பெரியப்பா சொன்னது? அவர் 2012-ஐ மறக்காதவர். நானும்தான். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாத வருடம் அது. பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் தறி அப்படியே நின்றுவிடும். திரும்ப ஓட்டும்போது நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். தூர நின்று பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்னவர் வெளிச்சத்தில்தான் பிடிப்பார், கூலியைக் குறைப்பார். ஒரு பீஸில் ஆறேழு கோடு விழுந்த நாளெல்லாம் உண்டு. ஓட்டுகிறவர்கள் தறி மேடையிலேயே படுத்துக் கிடப்பார்கள், விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடுவார்கள்.

அந்த வருடம் ஆடி, ஆவணியில் காற்று கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. ஐப்பசியில் காற்று நின்றதும் எல்லாம் படுத்துவிட்டது. வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் போதுமான கம்பி இல்லை. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுதாகச் சேர்ந்ததே 2013-இன் கடைசி நாளில்தான்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடியில் ஒரு நல்ல நாளில் ஐயாயிரம் மெகாவாட்டைத் தாண்டித் தரும். அதே காற்றாலைகள் மார்கழியில் சில நூறைத் தருவதற்கே திணறும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆக, வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "நம்மிடம் இவ்வளவு இருக்கிறது" என்று மார்தட்டுவது, பாவு நூல் ஆடியில் மட்டும்தான் வரும் என்று தெரிந்தும் தீபாவளி ஆர்டரை எடுத்த கதைதான்.

தறிக்காரனுக்கு இதில் ஒன்று பட்டென்று விளங்கும். நூல் விலை இறங்கும்போது வாங்கிக் குடோனில் போடுவோம், ஏறும்போது எடுத்து ஓட்டுவோம். குடோன் இல்லாதவன் சந்தை சொன்ன விலைக்கு ஆட வேண்டும். நிலக்கரியின் பெருமையெல்லாம் அது மலிவு என்பதில் இல்லை, நல்ல சரக்கு என்பதிலும் இல்லை. அதைக் குவித்து வைக்க முடியும், அவ்வளவுதான். அனல் நிலையத்து முற்றத்தில் பதினைந்து நாள் கரி கறுப்பு மலையாகக் கிடந்தால் அதிகாரி நிம்மதியாகத் தூங்குவார். வெயிலை அப்படிக் குவிக்க முற்றம் இல்லை. மச்சானும் பெரியப்பாவும் கரண்ட்டை எதில் எடுப்பது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எடுத்ததை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

நம்மிடம் குடோனே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஆனைமலையில், வால்பாறைக்குப் போகும் மலையில், காடம்பாறை. 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. நூறு மெகாவாட் இயந்திரம் நான்கு, மலைக்குள் குடைந்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழேயுள்ள மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவை எகிறும் நேரத்தில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் சுமார் எழுபத்தைந்து திரும்பி வரும். மீதி போய்விடுகிறதே என்பவர்களுக்கு, குடோனுக்கும் வாடகை உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் இப்படி ஒன்று கையில் இருந்தும் இரண்டாவதாக ஒன்றைக் கட்டி முடிக்க நமக்கு அவசரம் வரவில்லை. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் வருடக்கணக்கில் இழுத்தது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். காற்றாலையில் நாட்டிலேயே முதலிடம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டோம், சேர்த்து வைக்க என்ன செய்தோம்?

காகிதத்தில் மட்டும் ஒரு குடோன் கட்டினோம். எங்கள் பக்கத்து மில்காரர்கள் சொந்தமாகக் காற்றாலை போட்டவர்கள். ஆடியில் அது தரும் யூனிட்டை வாரியம் கணக்கில் வரவு வைக்கும், பிறகு தை மாதம் மில் அதை எடுத்துக்கொள்ளும். இதற்கு பேங்கிங் என்று பெயர். ஆடிக்காற்று தை வரைக்கும் எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை. தையில் கரியை எரித்தோ வெளியில் வாங்கியோதான் வாரியம் அந்தக் கடனை அடைத்தது. மில்காரர்களைக் குற்றம் சொல்லவில்லை, அந்தச் சலுகை இல்லாவிட்டால் இத்தனை காற்றாலை வந்திருக்காது. நோட்டில் எழுதியதைக் குடோன் என்று நம்பிவிட்டோம் என்பதுதான் என் குறை.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பசுமை மின்சாரம் என்றால் யார் வயிற்றிலும் அடிக்காது என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. 2023-இல் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் விடும் நேரத்து நெல்லுக்குள் பொக்லைனை இறக்கியதை எல்லாரும் பார்த்தோம். கமுதியில் 2,500 ஏக்கரில் சூரிய மின் பூங்கா வந்தபோது ஆடு மேய்ப்பவர்களுக்கு அந்தப் பக்கம் வழி அடைந்தது. எங்கள் பல்லடம் பக்கமே 2018 கடைசியில் உயர் மின்கோபுரத்தை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதில் ஒரு வேடிக்கை, சத்தீஸ்கரிலிருந்து கரூர் புகளூருக்கு வரும் பெரிய கம்பி அங்கே கரியில் எடுத்த மின்சாரத்தை இங்கே கொண்டுவரும், இங்கே காற்று மிஞ்சினால் திருப்பி வடக்கேயும் அனுப்பும். தென்னந்தோப்பில் கோபுரம் விழுந்தவனுக்கு மேலே ஓடுவது கரியா காற்றா என்பதில் என்ன வித்தியாசம்? நியாயமான வாடகையைக் கேட்டான், அவ்வளவுதான். சுரங்கத்துக்குக் கொடுத்த மண் திரும்பாது, சோலார் பலகைக்கும் கோபுரத்துக்கும் கொடுத்த மண் ஒரு நாள் திரும்பலாம் என்கிற வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை.

என் முடிவு இது. இருக்கிற அனல் நிலையங்களை நாளைக்கே மூடச் சொல்ல மாட்டேன், ராத்திரிக்கு வேண்டும். புதிதாக ஒன்று கட்டப் போகும் பணத்தை காடம்பாறை மாதிரி நீரேற்று நிலையங்களிலும் பேட்டரியிலும் போடச் சொல்வேன். பேட்டரி விலை கொஞ்ச வருடத்தில் சரிந்த சரிவைப் பார்த்தால், கரிக்காக இன்னும் முப்பது வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கும் முன்னால் காசே இல்லாமல் ஒன்று செய்யலாம். இந்த மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் இலவச விவசாய இணைப்புகள் இருக்கின்றன. வெயில் உச்சியில் இருக்கும்போது அந்த மோட்டார்கள் ஓடித் தொட்டி நிரம்பினால், அந்தத் தண்ணீரும் ஒரு குடோன்தான்.

இதைப் பெரிதாக எழுதிவிட்டேன், வீட்டு நடப்பையும் சொல்லிவிடுகிறேன். மச்சானைப் பார்த்து நானும் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் போட்டேன், 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. போனில் பார்த்தால் மதியம் இரண்டரை கிலோவாட் வரைக்கும் காட்டும், சாயங்காலம் ஆறேகாலுக்குப் பூஜ்யம். அதைப் பார்த்துப் பார்த்தே கிரைண்டர், துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பதினொரு மணிக்கு மாற்றினோம். அப்பா மட்டும் கேட்பதில்லை. விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்து மோட்டார் சுவிட்சைத் தட்டிவிடுகிறார். ஏனப்பா என்றால், "அப்பத்தானப்பா கரண்ட் இருக்கும்" என்கிறார்.