எல்லாத்துக்கும் பிக்சர் ட்யூப் போச்சாம்

இந்த பழைய டப்பா டிவிய ரிப்பேருக்கு குடுத்தா போதும், பின்பக்கம் கழட்டி கூட பாக்காம "பிக்சர் ட்யூப் போச்சு சார், எல்இடி வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிடறாங்க, அது எப்படிங்க? ட்யூப் வீக்கானா படம் மங்கும், சூடாகி தெளிய ரொம்ப நேரம் எடுக்கும், இல்ல ஒரு கலர் சரியா வராது. எங்க வீட்டு 21 இஞ்ச்ல வர்றது நடுவுல குறுக்க ஒரே ஒரு வெள்ளை கோடு, சவுண்டு நல்லாவே கேக்குது. படத்த மேலயும் கீழயும் விரிக்கிற வெர்டிகல் செக்‌ஷன் பிரச்சனைன்னு கத்துக்குட்டிக்கே தெரியும்! வெர்டிகல் ஐசி போயிருக்கும், இல்ல அதோட கால்ல சால்டர் விட்டிருக்கும், இல்ல பக்கத்துல ஒரு கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும்.

வீட்லயும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அப்பா டிவி மண்டையில ஒரு தட்டு தட்டுவாரு, கொஞ்ச நேரம் படம் வரும், உடனே "பாத்தியா"ன்னு ஒரு லுக்கு. தட்டினா வருதுன்னாலே எங்கயோ சால்டர் லூசுன்னுதான அர்த்தம், சொன்னா யாரு கேக்குறா. அத்தை பெரிய ஸ்பீக்கர டிவிய ஒட்டி வச்சிட்டு ஓரத்துல பச்சையும் ஊதாவுமா திட்டு வருதுன்னு புலம்பும், அத தள்ளி வச்சு, ரிமோட்ல இல்லாம மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணி அரை மணி நேரம் ஆறவிட்டு போட்டா ஸ்பீக்கர் காந்தத்தால ட்யூப்ல ஏறின காந்தத்த எடுக்கற, உள்ள இருக்க டீகாஸ் காயிலே பெரும்பாலும் சரி பண்ணிடும்.

நாமளே தொறக்கலாம்னா உள்ள 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடுது, ப்ளக்க புடுங்கினாலும் ட்யூப் சார்ஜ புடிச்சு வச்சிருக்கும், தெரியாம கைய வச்சா அவ்ளோதான். அதுக்குத்தானய்யா மெக்கானிக்க தேடறோம், சால்டர் அயர்ன எடுங்கன்னா ஆஃபர் நோட்டீஸ நீட்டறாரு.