எந்தப் பென்?

(ஓர் அலுவலகத்தின் காத்திருப்பு வரிசை. குமார் கையில் படிவம், டோக்கன் எண் 47. பக்கத்து நாற்காலியில் சரோஜா அக்கா. அவர் 30 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர் என்பது பாவம், குமாருக்குத் தெரியாது. பலகையில் எண் 41.)

குமார்: அக்கா, ஒரு பென் கிடைக்குமா? கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சரோஜா: எந்தப் பென் தம்பி?

குமார்: மையில்தான் போட வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. நீலமோ கறுப்போ, எதுவானாலும் சரி.

சரோஜா: நிறத்தைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் பென் ஒன்றா இரண்டா? பெண் அன்னத்துக்குக்கூட பென் என்றுதான் பெயர்.

குமார்: என்னது?

சரோஜா: ஆண் அன்னம் காப். பெண் அன்னம் பென்.

குமார்: (எழுந்தே விடுகிறான்) பெண்ணுக்குப் பென்! அப்படியே நம்மிடமிருந்து சுட்டிருக்கிறார்கள் அக்கா! இருங்கள், இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன்.

சரோஜா: உட்காருங்கள். காதுக்கு ஒன்றாகக் கேட்டால் சொந்தமாகிவிடுமா? அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிகள் கைவிரிக்கின்றன.

குமார்: அவர்கள் கைவிரித்தால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

சரோஜா: வாரிசு இல்லாத மனை என்று வேலி போடப் பார்க்கிறீர்கள். வேலி என்றதும் ஞாபகம் வருகிறது, ஆடு மாடு அடைக்கிற பட்டிக்கும் பென்தான். அது பழைய ஆங்கிலச் சொல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காரன் பிரான்ஸில் லோரியான் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களை நிறுத்த மீட்டர் கணக்கில் தடிமனான கான்கிரீட் கூரை போட்டுக் கொட்டகை கட்டினானே, அதற்கும் பென் என்றுதான் பெயர்.

குமார்: நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தொழுவமா! சரி அக்கா, நான் கேட்டது...

சரோஜா: அமெரிக்கப் பேச்சில் சிறைக்கும் பென்.

குமார்: இது எனக்கே புரிகிறது. ஆட்டை அடைக்கிற மாதிரி ஆளை அடைக்கிறார்கள்.

சரோஜா: எல்லோரும் அங்கேதான் வழுக்கி விழுவார்கள். அது பெனிடென்ஷியரி என்ற நீளமான சொல்லின் தலைத்துண்டு. செய்த தப்புக்கு வருந்துகிற இடம் என்று பொருள். பட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குமார்: ஆக, ஒரு பென்னால் கள்ளக் கையெழுத்துப் போட்டால் இன்னொரு பென்னுக்குள் போகலாம்.

சரோஜா: தேறிவிட்டீர்கள்.

(பலகை: 43.)

குமார்: அக்கா, நல்ல கையெழுத்து ஒன்று போட வேண்டும். எழுதுகிற பென். அது மட்டும் போதும்.

சரோஜா: ஓ, இறகு கேட்கிறீர்களா?

குமார்: இறகு கேட்கவில்லை அக்கா!

சரோஜா: லத்தீனில் பென்னா என்றால் இறகு. வாத்து இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதியவர்கள் பழக்கத்தில் அதையே பேனாவுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். இறகு சீவின கத்திதான் பென் நைஃப். இன்றைக்கு அதை வைத்து எவனும் இறகு சீவுவதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முனையில் இருக்கிற நிப்பு என்ன தெரியுமா?

குமார்: முள். பேனா முள்.

சரோஜா: நமக்கு முள். அவர்களுக்கு அலகு. நிப் என்பது பறவை மூக்குக்கான பழைய சொல்லின் திரிபு. ஒரு முழுப் பறவையைத்தான் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

குமார்: அப்போது பென்சில் குட்டிப் பறவை!

சரோஜா: பென்சிலுக்கும் பென்னுக்கும் என்ன சம்பந்தம்?

குமார்: என்ன சம்பந்தமா? பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தேன்!

சரோஜா: ரயிலில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சம்பந்திகளா? பென்சிலின் லத்தீன் மூலத்துக்குக் குட்டி வால் என்று பொருள். வால் மாதிரி மயிர்க்கற்றை வைத்த ஓவியத் தூரிகைக்கு அந்தப் பெயர் வந்தது, தூரிகையிலிருந்து இந்தக் கரிக்குச்சிக்கு வந்தது. அதனுடைய உண்மையான சொந்தக்காரன் யார் தெரியுமா? பெனிசிலின்.

குமார்: மருந்தா!

சரோஜா: 1928இல் ஃப்ளெமிங் தட்டில் பூத்திருந்ததே பூஞ்சை, அதன் பெயர் பெனிசிலியம். நுண்ணோக்கியில் பார்த்தால் தூரிகை மாதிரி கிளைத்திருக்கும். பென்சிலும் தூரிகை, பெனிசிலினும் தூரிகை. இரண்டுமே வால்.

குமார்: எங்கள் அக்கா மகனைக்கூட வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

சரோஜா: அவனை இதில் சேர்க்காதீர்கள். சரி, ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவீர்கள்?

குமார்: (பயந்து) எதற்கு வெட்டவேண்டும்?

சரோஜா: சொல்லை.

குமார்: ஹெலி, காப்டர்.

சரோஜா: உலகமே அங்கேதான் வெட்டுகிறது. உண்மையில் ஹெலிகோ, ப்டர். கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரான் என்றால் இறக்கை. 1861இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கோத்த சொல். ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஹெலிகாப்டர் அப்போது கிடையாது.

குமார்: பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் சூட்டிவிட்டார்.

சரோஜா: விஷயம் அதுவல்ல. பறப்பதைக் குறிக்கும் மிகப் பழைய வேர் ஒன்று உண்டு, பெட் என்று. அது லத்தீனில் பென்னா ஆயிற்று, கிரேக்கத்தில் ப்டெரான் ஆயிற்று. ஆங்கிலத்தில் ப போய் ஃப வந்து ஃபெதர் ஆயிற்று. லத்தீனில் பாதெர் என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபாதர் இருக்கிற மாதிரி.

குமார்: (தலையைப் பிடித்துக்கொள்கிறான்) அப்படியென்றால் பென்னும் ஹெலிகாப்டரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. பென்னும் பென்சிலும் யாரோ எவரோ.

சரோஜா: ஜாடையைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது தம்பி.

(பலகை: 45. குமாரின் கைபேசி அதிர்கிறது.)

குமார்: சித்தப்பா பதில் போட்டிருக்கிறார். "பெண் என்றால் குயின். பெண், குயின் இரண்டும் சேர்ந்தது பென்குயின். அதுவும் நம் சொல்தான்" என்கிறார். கீழே ஒன்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

சரோஜா: கைதட்டுவதற்கென்றே ஒன்பது பேர் எல்லாக் குரூப்பிலும் உண்டு. வெல்ஷ் மொழியில் பென் என்றால் தலை, க்வின் என்றால் வெள்ளை. வெள்ளைத் தலையன் என்று ஒரு கட்சி. கொழுப்பு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று எதிர்க்கட்சி.

குமார்: பென்குயின் தலை கறுப்பாச்சே?

சரோஜா: முதலில் அந்தப் பெயரோடு திரிந்தது வேறு பறவை. வட அட்லாண்டிக்கில் இருந்த கிரேட் ஆக். அதற்குக் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திட்டு உண்டு. தெற்கே போன மாலுமிகள் அதே சாயலில் இன்னொன்றைப் பார்த்துவிட்டு அதே பெயரைக் கொடுத்தார்கள். பெயருக்குச் சொந்தக்காரப் பறவை 1844இல் ஐஸ்லாந்துப் பக்கம் கடைசி ஜோடியும் கொல்லப்பட்டு அழிந்தே போயிற்று. அதன் அறிவியல் பெயர் பிங்குயினஸ் இம்பென்னிஸ். அந்த இம்பென்னிஸில்தான் நிஜமான பென்னா ஒளிந்திருக்கிறது. பறக்கும் இறகு இல்லாதது என்று பொருள்.

குமார்: அதாவது பென் இல்லாதவன்.

சரோஜா: ஆமாம்.

குமார்: நான்தான் அது.

சரோஜா: மனசை விடாதீர்கள். கடலில் ஊசிக்கணவாய் என்று ஒன்று...

குமார்: கணவாயா? மலைக்கு நடுவில் வழி விடுமே, அதுவா?

சரோஜா: பார்த்தீர்களா, தமிழிலும் இதே கூத்துதான். இது பத்துக் கையோடு நீந்துகிற கணவாய். அதன் உடம்புக்குள் கண்ணாடி மாதிரி இறகு வடிவில் ஒரு தகடு இருக்கும். அதையும் பென் என்பார்கள். மையும் அதனிடமே இருக்கிறது.

குமார்: கடலில் கிடக்கிற கணவாய்க்குப் பென்னும் மையும் இருக்கிறது. கையெழுத்துப் போடவேண்டிய எனக்கு ஒன்றுமில்லை!

(பலகை: 46.)

குமார்: அக்கா, தப்பு என்னுடையதுதான். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். தமிழில் கேட்கிறேன். ஒரு பேனா கொடுங்கள்.

சரோஜா: பேனா தமிழா? போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அதே லத்தீன் பென்னாவின் பேத்தி. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை.

குமார்: சாவியுமா! அப்போது வீடு மட்டும்தான் நம்முடையதா?

சரோஜா: கதவும் நம்முடையதுதான்.

குமார்: (கைகூப்பி) எழுதுகோல். ஒரே ஒரு எழுதுகோல் கொடுங்கள் அக்கா. இதில் இறகும் இல்லை, போர்த்துகீசியனும் இல்லை.

சரோஜா: இதை முதலிலேயே கேட்டிருந்தால் 41இலேயே கொடுத்திருப்பேனே!

(பையைத் துழாவி ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறார். பலகையில் 47 விழுகிறது. குமார் கவுண்டரை நோக்கி ஓடி, படிவத்தை விரித்து, கையெழுத்துப் போடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிடுகிறான்.)

குமார்: அக்கா... இது வால்!