‘கண்ணு இருட்டுது’ன்னா எந்தக் கண்ணு?

போன புதன்கிழமை சாயங்காலம் மறுபடியும் வந்தது. கடையில் உட்கார்ந்து அன்றைய கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 3,485 என்ற தொகையில் 3 தெரிகிறது, 5 தெரிகிறது, நடுவில் இருக்கிற ரெண்டு எண்ணையும் காணோம். அந்த இடம் கறுப்பாக இல்லை, மங்கலாகவும் இல்லை. எதுவுமே எழுதாத வெறும் காகிதம் மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து பக்கத்தில் பில் போடுகிற அக்காவைப் பார்த்தால் பொட்டு இருக்கிறது, ஒரு கண் இல்லை.

முதல்முறை வந்தபோது எனக்கு 33 வயது. இப்போது 41. இன்றைக்கும் அந்த முதல் நிமிடத்தில் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுகிறது.

கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டையின் ஓரத்தில் மினுக்கல் தொடங்கும். பன்னிரண்டு வருடமாகப் புடவைக் கடையில் வேலை பார்ப்பதால் அதற்கு என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது: தாழம்பூ ரேக்கு. பட்டுப் புடவை பார்டரில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஓடுமே, அதேதான். அந்த ஜரிகையை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து யாரோ வேகமாக ஆட்டுகிற மாதிரி மின்னும். முதலில் மிளகு அளவு. பிறகு அரிவாள் போல வளைந்து, பெரிதாகிக்கொண்டே போய், இடது ஓரமாக வெளியே நழுவிவிடும். கண்ணை இறுக மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மொத்தம் 25 நிமிடம். அப்புறம் எண்ணெல்லாம் அது அது இடத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வலது பக்கம் மண்டை பிளக்க ஆரம்பிக்கும். சில தடவை தலைவலியே வராது.

இதை மூன்று வருடம் நான் எல்லோரிடமும் சொன்னது ஒரே வாக்கியத்தில்: “கண்ணு இருட்டுதுங்க.”

மாமியார், “காலைல சாப்பிடாம ஓடுனா இருட்டாம என்ன பண்ணும்” என்றார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை மாற்றினார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். என் கண்ணில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை நிமிஷம் இருக்கும்மா? கொஞ்சம் கொஞ்சமா வளருதா, இல்ல சட்டுன்னு வந்து விழுதா? ஒரு கண்ணுலயா, ரெண்டு கண்ணுலயா?

“இடது கண்ணுலங்க சார்.”

“வலது கண்ணை மட்டும் திறந்து பாத்தீங்களா?”

பார்த்ததே இல்லை. இடது பக்கம் வருவதால் இடது கண் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் பொத்திப் பார்த்தேன். ரெண்டிலும் இருக்கிறது, ஒரே இடத்தில், ஒரே அளவில். இரண்டு கண்ணும் இடது பக்கமாகப் பார்ப்பதெல்லாம் போய்ச் சேருவது மூளையின் வலது பாதிக்கு. கோளாறு அங்கே, பின்மண்டையில், பார்வையைக் கவனிக்கிற பகுதியில். இதை மைக்ரேன் ஆரா என்கிறார்கள், ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த பார்வைக் கோளாறு. அந்தப் பகுதியின் நரம்புச் செல்கள் ஒரு ஓரத்தில் திடீரென்று மும்முரமாகி, பிறகு அடங்கிப்போகின்றன. அந்த அலை மெதுவாகப் பக்கத்துக்குப் பக்கம் பரவுகிறது. மும்முரமாக இருக்கிற இடம் மினுக்கலாகத் தெரிகிறது, அடங்கிப்போன இடம் ஓட்டையாகத் தெரிகிறது.

இதை மருத்துவம் புரிந்துகொண்ட விதம் எனக்குப் பெரிய ஆறுதல். 1870இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் ஏரி என்ற மருத்துவர் தனக்கு வருவதை நிலை நிலையாக வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். அவருடைய அப்பா, அரசாங்க வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரிக்கும் இது வரும். மகனுக்கு அந்த ரம்பப் பல் கோட்டை மதில் மாதிரித் தெரிந்தது. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தனக்கு வரும்போதெல்லாம் நேரம் குறித்து வரைந்து, அந்த அலை மூளையின் மேல் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். ஸ்கேன் எல்லாம் இல்லாத காலம். 1944இல் பிரேசில்காரர் லியாவ் முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்து எழுதினார். ஏரியும் லாஷ்லியும் பயந்து கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். ஆனால் பேப்பரையும் பென்சிலையும் எடுத்திருக்கிறார்கள்.

நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பசி மயக்கமா, கண்ணு இருட்டுது. சுகர் இறங்கிவிட்டதா, கண்ணு இருட்டுது. ‘பூச்சி பறக்குது’ என்பதும் அப்படித்தான், எதற்கும் பொருந்தும். கேட்கிறவர் தனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை அதில் பொருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அதுதான் நடந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவருக்கு 71 வயது, சுகர், பிபி இரண்டும் உண்டு, பீடி விடவே இல்லை. ஒருநாள் காலை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், “ஒரு கண்ணுல மேல இருந்து படுதா இறக்கி உட்டாப்ல இருக்குது சாமி” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அம்மிச்சி மோர் கொடுத்தார். வெயில், பித்தம் என்று பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அவருடைய இடது கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அங்கிருந்து ஒரு துணுக்கு போய் இடது கண்ணை ஐந்து நிமிடம் மூடியதுதான் அந்தப் படுதா. அடுத்த துணுக்கு மூளைக்குப் போனது. அந்த மனிதர் எவ்வளவு துல்லியமாகச் சொன்னார்! ஒரு கண், மேலிருந்து, படுதா. கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான்.

என்னுடையது மெதுவாக வளர்கிறது, மின்னுகிறது, ரெண்டு கண்ணிலும் இருக்கிறது. அவருடையது சட்டென்று விழுந்தது, மின்னவில்லை, ஒரு கண்ணில் மட்டும். இந்த வித்தியாசத்தை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதல்முறை வந்தால் யாராக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஐம்பதைத் தாண்டி முதன்முதலாக வந்தால், ஒரு மணி நேரம் கடந்தும் போகாவிட்டால், இன்னும் அவசரம். ஒரு கண்ணில் சட்டென்று பார்வை போய்த் தானே திரும்பி வந்தாலும், சரியாகிவிட்டதே என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. திடீரென்று புதுசாகக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதந்து, ஓரத்தில் மின்னல் வெட்டி, நிழல் மாதிரி ஒன்று அப்படியே நின்றுவிட்டால் விழித்திரை விலகியிருக்கலாம். அதற்கும் அன்றைக்கே கண் மருத்துவர்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மினுக்கல் வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், இந்த மாத்திரை அதை இன்னும் கூட்டும். கருத்தடைக்கு என்றில்லை, நீர்க்கட்டிக்கு, பீரியட்ஸ் ஒழுங்காவதற்கு என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் இதே மாத்திரையை எழுதுகிறார்கள். எனக்கும் எழுதினார்கள், எட்டு மாதம் சாப்பிட்டேன். கண்ணில் ஏதாவது மின்னுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலைவலியையே சொல்லக் கூச்சப்படுகிற நாம் இதையா சொல்லப்போகிறோம்? சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன, மாற்றித் தருவார்கள்.

வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். ஒருமுறை பெருந்துறை ரோட்டில் எனக்கு வந்தது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். இடது பக்கம் வந்த சைக்கிள்காரர் எனக்குத் தெரியவே இல்லை, அவர் போட்ட சத்தம்தான் தெரிந்தது. அந்த ஓட்டை கறுப்பாக இருந்தாலாவது ஜாக்கிரதையாக இருப்போம். பக்கத்தில் இருக்கிற ரோட்டின் நிறத்தையே எடுத்து மூளை அதை நிரப்பிவிடுகிறது. ரோடு காலியாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

இப்போது என் கைப்பையில் ஒரு நோட்டு இருக்கிறது. வந்தால் நேரம் போடுவேன், வரைவேன். முந்தின நாள் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்குத் தேதி எல்லாம் எழுதுவேன். எனக்கு இது பெரும்பாலும் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும்தான் வருகிறது, அதாவது தூக்கமும் மதியச் சாப்பாடும் தவறுகிற நாட்களில். நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையை முடிவு செய்கிறார். முன்பு மாதம் ரெண்டு தடவை வந்தது, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

நேற்று ராத்திரி, படித்துக்கொண்டிருந்த மகள் அடுப்படிக்கு வந்து நின்றாள். வயது 14.

“அம்மா, புக்ல பாதி வரியைக் காணோம்.”

கரண்டியை வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். கை நடுங்கியது, அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இது குடும்பத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

“எந்தக் கண்ணு சாமி?”

அவளே ஒரு கண்ணைப் பொத்தினாள், பிறகு மற்றதை. “ரெண்டுலயும். வலது பக்கமா. மின்னுது.”

மணி 8.12. நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். நேரத்தை எழுதிவிட்டு வரைய ஆரம்பித்தாள். என்னுடையது கீழ்நோக்கி வளையும், அவளுடையது மேல்நோக்கி. திங்கட்கிழமை காலைக்கு மருத்துவரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.