கோணல் பல்லிலா, எலும்பிலா?

பல் கடி (மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்) சரியில்லாததால்தான் தாடை கோணுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரேயடியாகச் சொல்லிவிட்டது. பாதிதான் சரி. என் மகளுக்கு ஏழு வயதில் முகவாய் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பல் மருத்துவர் வாயை நன்றாகத் திறந்து, மெல்ல மூடச் சொன்னார். திறந்திருக்கும்போது மேல், கீழ் முன்பற்களின் நடுக்கோடுகள் நேராக நின்றன. பற்கள் தொட்டதும் கீழ்த்தாடை சட்டென்று இடப்பக்கம் வழுக்கியது. மேல்தாடை குறுகல், அதனால் கடிக்க வாகான இடம் தேடிக் கீழ்த்தாடை நகர்கிறது, எலும்பில் இன்னும் கோணல் இல்லை என்றார். மேல்தாடையை விரிக்கும் கருவி வைத்தார்கள், சரியாயிற்று. (அதை விரிக்க வீட்டில் சாவி போட்டுத் திருப்பும்போது எனக்குத்தான் கை நடுங்கும்.) வளரும் வயதில் இதை அப்படியே விட்டால், இரண்டு பக்க எலும்பும் சமமில்லாமல் வளர்ந்துவிடலாம்.

தலைகீழாகவும் நடக்கும். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டின் முனை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வளர்ந்தால், முதலில் தாடை கோணும், கடி அப்புறம்தான் கெடும். அங்கே கம்பி மட்டும் போட்டால் பல் வரிசையாகும், முகவாய் இருந்த இடத்திலேயே நிற்கும். திறந்தாலும் மூடினாலும் நடுக்கோடு விலகியே இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் இம்மியளவு கோணலுக்கு இதெல்லாம் வேண்டாம், அது எல்லார் முகத்திலும் உண்டு.