என்-400 போட்ட பிறகு விவாகரத்து: வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு

"அமெரிக்கக் குடிமகனை மணந்து, என்-400 (அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பப் படிவம்) போட்டு ரசீதும் வந்துவிட்டால் பிறகு விவாகரத்தானாலும் குடியுரிமை உறுதி" என்றொரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மூன்றாண்டு விதியில் (அமெரிக்கக் குடிமகனை மணந்தவர் ஐந்துக்குப் பதில் மூன்றே ஆண்டில் குடியுரிமை கேட்கும் வழி) விண்ணப்பித்தவர் நேர்காணல் வரை துணையுடன் சேர்ந்து வாழ வேண்டும். உறுதிமொழி எடுக்கும்வரை திருமணம் நீடிக்க வேண்டும். துணையின் வன்கொடுமைக்கு ஆளாகி, அந்த அடிப்படையில் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நேர்காணலில் தேறிவிட்டாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். உறுதிமொழி நாளில் நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் என்-445 படிவம், நேர்காணலுக்குப் பின் பிரிவோ விவாகரத்தோ நடந்ததா என்று நேராகவே கேட்கிறது. மறைத்தால், பெற்ற குடியுரிமையே பின்னாளில் ரத்தாகலாம்.

"கிரீன் கார்டும் போய்விடும்" என்று அந்தச் செய்தியிலுள்ள பின்குறிப்பும் சரியில்லை. பத்தாண்டு கிரீன் கார்டு விவாகரத்தால் மட்டும் பறிபோகாது. கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு ஆனவர்களுக்கான பொதுவான ஐந்தாண்டு விதியில் புதிதாக விண்ணப்பிக்கலாம். பழைய கட்டணம் திரும்ப வராது. இரண்டாண்டு (நிபந்தனையுள்ள) அட்டை வைத்திருப்பவர், அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தில், துணையுடன் சேர்ந்து போடும் கூட்டு மனுவிலிருந்து விலக்கு கேட்டுத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இன் கொள்கைக் கையேட்டின் 12-ஆம் தொகுதி, ஜி பகுதியில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.