பாட வந்தீர்களா, படம் பிடிக்க வந்தீர்களா?

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று, அவருடைய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாட உட்காருவதற்குக் கட்டணம் கிடையாது. அதுவரை சந்தோஷம். ஆனால் பாடுகிறவர்கள் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கியபடியே இருப்பவர்களை என்ன சொல்வது? நாட்டை ராகத்தில் முதல் கீர்த்தனை தொடங்கியதும் என் முன்னால் ஒரு செல்ஃபி ஸ்டிக் எழுந்தது. கௌளை போய் ஆரபி வந்தும் இறங்கவில்லை. வித்வான்கள் முகம் தெரியாவிட்டால் போகிறது, காது இருக்கிறதே என்று பார்த்தால், பக்கத்து மாமா தொடையில் தட்டிய ஆதி தாளம் எல்லோருக்கும் இரண்டு அட்சரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஜாடை காட்டினால், "பக்திதாம்ப்பா முக்கியம்" என்கிறார். பக்தி சரி மாமா, தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு எல்லோரோடும் வந்து சேர வேண்டாமா?

நான்காவது கீர்த்தனையின் ராகமான வராளியை குரு நேரடியாகச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அன்று சுற்றிலும் கேட்டதை வைத்துப் பார்த்தால், குருமார்கள் அதைக் கறாராகவே கடைப்பிடித்திருக்கிறார்கள். சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், வரும்போது ஊரே பாடுகிறது, ஸரிகம என்று சுரம் வந்தால் வாய் மட்டும் அசைகிறது. ஸ்ரீ ராகம் முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், பந்திக்கு இடம் போட. செல்ஃபி ஸ்டிக்காரர்தான் முதல் ஆள்.